சண்டையைத் தாண்டினால் கோழைத்தனமா?

என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று வாரமாக ஒரு ராட்சசனிடம் தோற்றுக்கொண்டிருந்தான். வீடியோ விளையாட்டில்தான்! நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் நடமாடும் வகை அது.

பையனுக்குப் பக்கத்தில் அவன் தாத்தா உட்கார்ந்திருப்பார். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருடம் பால்வெட்டியவர். விரல்கள் மடங்கா. ஆனால் கதை என்றால் உயிர். "காணாமற்போன அரசி என்னடா ஆனாள்? அந்தத் தடியனை விட்டுவிட்டுக் கதையைக் காட்டச் சொல்லேன்" என்பாராம்.

அதற்கும் அந்த விளையாட்டில் வழி உண்டு. பையன்தான் மறுத்தான். "சண்டையைத் தாண்டினா கோழைன்னு சிரிப்பானுங்க சார்."

இந்த வழக்கு உலகமெங்கும் நடக்கிறது. 2012இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' தொடக்கத்திலேயே என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டது. கதை வேண்டுமா, சண்டை இலேசாகும். சண்டை வேண்டுமா, பேச்சில் நீங்கள் முடிவெடுக்கும் வேலை இல்லை. இது நியாயமான பங்கீடு அல்லவா? 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' 2018இல் சண்டையே இல்லாமல் பண்டைய எகிப்தைச் சுற்றிப் பார்க்க வழி செய்தது. வாத்தியாரான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. கனடாவில் நம் தமிழர் உருவாக்கிய 'வெண்பா' (2023) என்ற விளையாட்டில் கத்தியுமில்லை, துப்பாக்கியுமில்லை. ஒரு தாய் இட்லி அவிக்கிறாள், புட்டு செய்கிறாள்.

மறுபக்கமும் உண்டு. 'அண்டர்டேல்' (2015) விளையாட்டில் எவரையும் கொல்லாமலே முடிவுக்குப் போகலாம். ஆனால் எதிரி நம்மை அடிக்கும்போது பொறுத்து நின்று இரங்குவதில்தான் அதன் சுவை. அங்கே சண்டையை அடியோடு நீக்கினால் இரக்கத்துக்கும் மதிப்பில்லை. ஆகவே எல்லா விளையாட்டிலும் கட்டாயம் வேண்டும் என்று நான் சட்டம் போட மாட்டேன். கதைக்காகவே வருகிறவர்களை வாசலில் அடியாள் வைத்துத் தடுக்காதீர்கள் என்பதே என் கட்சி.

பையனிடம் பாரதக் கதையை எடுத்தேன். "பலராமர் யார் பக்கம் போரிட்டார்?"

விழித்தான். "அவர் போருக்கே போகவில்லையடா. தீர்த்த யாத்திரை போய்விட்டார். விதுரரும் ஆயுதம் எடுக்கவில்லை. அவர்களைக் கோழை என்று யாராவது சொல்வார்களா?"

"அவங்க பெரியவங்க சார்" என்றான். பிள்ளைகளை வாதத்தில் வெல்வது சுலபமா என்ன!

"உனக்காக வேண்டாம், தாத்தாவுக்காகச் செய்" என்றேன். பதில் இல்லை.

திங்கட்கிழமை மணி அடிக்குமுன்பே ஓடி வந்தான். தாத்தாவே ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினாராம். அரசி கிடைத்துவிட்டாள். அவள் அந்த ராட்சசனின் தங்கையாம். "நல்ல வேளை, அவனைக் கொல்லலே சார்!"