வயிற்றில் மூளும் தீ

இரவு பத்து மணிக்கு வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு, கை அலம்பிய ஈரம் உலர்வதற்குள் படுக்கையில் சாய்பவர்களைத் தேடி நடுநிசியில் ஒரு விருந்தாளி வருவதுண்டு. புளியேப்பம் என்பது அவர் திருநாமம். துணைக்கு நெஞ்செரிச்சலையும் அழைத்து வருவார். உடனே அஞ்சறைப் பெட்டி திறக்கப்படும். பழியெல்லாம் பருப்பின்மீது விழும். பல வீடுகளில் உண்மைக் குற்றவாளி பருப்பல்ல, கடிகாரந்தான்!

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பது இயற்கை. உணவு ஜீரணமாக அது அவசியம். இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலம் கவசமாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கோ அத்தகைய கவசம் இல்லை. இரண்டுக்கும் நடுவே தசையாலான வாயில் ஒன்று காவல் புரிகிறது. அளவு மீறி உண்டு உடனே படுத்தால், அந்தக் காவலை மீறி அமிலம் மேலேறிச் சுடுகிறது.

ஆகையால், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே இராச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் 6 முதல் 8 அங்குல உயரமுள்ள மரக்கட்டைகளை வைக்கலாம். தலையணைகளை அடுக்குவதில் பயனில்லை. கழுத்து மடங்கி வயிறு அமுங்குவதே மிச்சம். இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பது நலம். புகையிலையை விட்டொழிப்பதும், பருத்த உடலை இளைக்கச் செய்வதும் எந்தச் சூரணத்துக்கும் குறைந்தவையல்ல.

கைவைத்தியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். சீரகம் கொதித்த வெந்நீரும் நீர்மோரும் சிலருக்கு இதமளிக்கும், அருந்தலாம். பால் சற்று நேரம் குளிர்ச்சி தந்து, பிறகு அமிலத்தை அதிகமாகச் சுரக்கச் செய்யும். ஆப்ப சோடாவைத் தினந்தோறும் கரைத்துக் குடிப்பது, முக்கியமாக இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, கெடுதல்.

ஓர் எச்சரிக்கை. மார்பில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை கண்டால், "வாயுதான்" என்று கஷாயம் காய்ச்சிக் கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். மலம் கறுத்துப் போவது, இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், காரணமின்றி உடல் மெலிவது ஆகியவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. வயிற்றுப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணமாகலாம் என்று எடுத்துக்காட்டிய ஆஸ்திரேலிய வைத்தியர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமி சீரகத்துக்கு அஞ்சாது. வைத்தியர் தரும் மருந்துக்கே அடங்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் ஒழித்து, இறுதியில் தாம் உண்டு, உடனே தலை சாய்ப்பவர் பெரும்பாலும் வீட்டு எஜமானியம்மாள் அல்லவா? அவருடைய நெஞ்செரிச்சலுக்குச் சிறந்த ஔஷதம் மற்றவர்கள் கையில் இருக்கிறது. ஏழு மணிக்கு அனைவரும் சேர்ந்தே உட்காருங்கள். அவருக்கும் அந்தப் பந்தியிலேயே ஓர் இலை போடுங்கள்.