குதிரை ரெடி... பக்கிளைப் பார்த்தீங்களா?

தீவுத்திடல் வழியாகப் போகிறவர்கள் மன்றோ சிலையை ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள். 1839-ல் நிறுத்திய சிலை. பிரான்சிஸ் சான்ட்ரி செய்த வெண்கலக் குதிரையின் மேல் மன்றோ துரை சேணமும் இல்லாமல், அங்கவடியும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சிற்பி மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. எப்படியோ, துரைக்குக் கவலையில்லை. சேணம் இல்லையென்றால் அதைக் குதிரையின் வயிற்றோடு இழுத்துக் கட்டும் வாரும் வேண்டியதில்லை. வெண்கலக் குதிரை மிரளவும் மிரளாது.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நிற்கிற குதிரைகள் மிரளும். பின்னால் கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடிக்கும், முன்னால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பத்தாயிரம் வாலா வெடிக்கும், பக்கத்தில் பேண்ட் செட் வேறு. அந்த நேரத்தில் மேலே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றுவது இரண்டே வார்கள்தான். கையில் இருக்கும் கடிவாள வார் ஒன்று, வயிற்றைச் சுற்றி இருக்கும் வார் இன்னொன்று. ஈ.சி.ஆர். பக்கம் குதிரைச் சவாரி வகுப்புகள் பெருகியதிலிருந்து ஹெல்மெட்டைப் பற்றியும் பூட்ஸைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. இந்த இரண்டு வார்களை மட்டும் யாரும் சீந்தவில்லை.

காசிமேட்டுக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் கல்யாண ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தேன். நெற்றியில் குஞ்சம், கழுத்தில் மணி, முதுகில் ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட். குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டு வெல்வெட்டைக் கொஞ்சம் தூக்கினேன். உள்ளே சேணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது பழைய கார் சீட் பெல்ட். அதன் முனையில் இரும்பு பக்கிள். மேல் முலாம் பொரிந்து, ஊசி வளையத்தில் மாட்டும் இடத்தில் செங்கல்பொடி மாதிரி துரு. விரலால் தேய்த்தால் ஒட்டியது.

“அண்ணே, இது தாங்குமா?”

“இன்னா சார் ஆவும்? டெய்லி மாட்றதுதான். உப்புக்காத்துல எல்லாம் துருதான் புடிக்கும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பகுதியில் எல்லாம் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மொட்டைமாடிக் கொடிக்கம்பி எல்லாம். ஆனால் கொடிக்கம்பி அறுந்தால் துணிதான் கீழே விழும். அதனால்தான் சொல்கிறேன், குதிரைக்கு வார் வாங்கப் போகிறவர் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் பக்கிளைப் பார்க்க வேண்டும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்குமான கடலோரத்தில் இதுதான் முதல் பாடம்.

பார்ப்பது சுலபம். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பளபளவென்று இருக்கிற பக்கிளில் காந்தம் பச்சென்று ஒட்டினால் உள்ளே பெரும்பாலும் இரும்பு, மேலே நிக்கல் அல்லது குரோமியம் முலாம். ஒட்டாவிட்டாலோ, ஒட்டியும் ஒட்டாமல் நழுவினாலோ நல்ல எவர்சில்வராக இருக்க வாய்ப்பு. எவர்சில்வரிலும் தரம் உண்டு. வீட்டுப் பாத்திர ஜாதியான 304, கடற்காற்றில் இருக்கும் குளோரைடு பட்டால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும். விசைப்படகுக்காரர்களுக்கு இந்த எண் அத்துப்படி. குதிரைக்காரர்கள் காதில் அது இன்னும் விழவில்லை.

முலாம் பூசிய இரும்பில் ஒரு விஷமம் இருக்கிறது. முலாம் முதலில் விடுவது பக்கிள் ஊசியின் அடியில். தினமும் உரசுகிற இடம் அதுதான். குதிரையின் வியர்வையும் உப்பு, காற்றும் உப்பு. வெளியே பளபளப்பு மாறாமல் இருக்க, தோல் மடிப்புக்குள் ஊசி மெலிந்துகொண்டே போகும். வயிற்று வாரின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பக்கிள் வைப்பதே ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கட்டும் என்றுதான். நான் பார்த்த சீட் பெல்ட்டில் பக்கத்துக்கு ஒன்றுதான் இருந்தது.

சரி, பித்தளை பக்கிள் போட்டுவிடலாமே, துருவே பிடிக்காதே என்பீர்கள். இங்கேதான் பழைய கதை ஒன்று உதவிக்கு வருகிறது. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன. காரணம் ரொம்ப நாள் புரியவில்லை. 1921-ல்தான் ஆய்வாளர்கள் தெளிவாக விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, காற்றின் ஈரம், உறையை அச்சில் இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், மூன்றும் சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கின்றன. வார்ப்புப் பித்தளைக்கு இந்த ஆபத்து குறைவு. தகட்டை அச்சில் அமுக்கி வளைத்த மலிவுப் பித்தளை பக்கிளை, மூத்திர வாடை வீசுகிற கொட்டகையிலேயே ஆணியடித்துத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அம்மோனியா என்றால் என்னவென்று எண்ணூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயில் கசிந்து பெரியகுப்பம் ஜனங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவிட்டது அதுதான். கொட்டகையில் கிளம்புவது அதில் ஒரு துளிகூட இராது. ஆனால் தினமும் கிளம்புகிறது. ஆகவே வார்களைக் குதிரை கட்டும் இடத்தில் மாட்டாதீர்கள். வீட்டுத் திண்ணையில் மாட்டினாலும் சரி.

உலோகத்துக்கு அடுத்தபடி நூல். கையால் தைக்கிறவர் ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் நுழைப்பார். ஓர் இடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் ஓடும் நூல் தையலைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியில்லை, ஒரு கண்ணி விட்டால் பக்கத்துக் கண்ணிகளும் தளரத் தொடங்கும். பக்கிளைச் சுற்றி மடித்துத் தைத்த இடத்தில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். தோலை வெளிப்பக்கமாக மடித்தும் பாருங்கள். கீறல் கீறலாகத் தெரிந்தால் காய்ந்துபோன சரக்கு. நம் திண்டுக்கல், திருச்சி பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் தனி மவுசு. சேணச் சாமானுக்கு ஏற்றது இந்த மாதிரி மரப்பட்டைப் பதனீடுதான். எண்ணெய் போடுகிறேன் என்று ஊற ஊற விட்டால் தோல் தொளதொளத்து, தையலும் இற்றுப்போகும்.

அளவு விஷயம் சட்டென்று சொல்லிவிடலாம். சேணத்தைக் குதிரை முதுகில் வைத்து, ஒரு பக்கம் தொங்கும் வாரின் நடுத் துளையிலிருந்து மார்புக்கு அடியில் சுற்றி, மறுபக்கத்து நடுத் துளை வரை டேப் பிடித்தால் வருவதுதான் உங்கள் அளவு. சின்ன நாட்டுக் குதிரைக்கும், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிற உயரமான குதிரைக்கும் ஒரே வார் சரிப்பட்டு வராது. முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் நான்கு விரல் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே தோல் உரிந்து புண்ணாகிவிடும். எலாஸ்டிக் வைத்த வார் என்றால் இரண்டு முனையிலும் இருக்கட்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தால் சேணம் ஒரு பக்கமாக இழுக்கும். கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், அதன் தந்திரம் அது. நாலு எட்டு நடக்கவிட்டு மறுபடி ஒரு துளை இறுக்குங்கள். சீட் பெல்ட் ஏன் ஆகாதென்றால் அதன் விளிம்பு கத்தி போலக் கூர்மை, அகலமும் போதாது.

குதிரையின் உடல்வாகுக்குப் பொருந்துவதுதான் முதலில், பக்கிளெல்லாம் அப்புறம் என்று சவாரி சொல்லித்தருகிறவர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் பொருத்தமான வார் அறுந்தாலும் விழுகிறவர் விழத்தான் செய்வார்.

இந்தக் கடற்கரைக்குக் குதிரையும் உப்பும் புதிய கூட்டல்ல. 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பட்டாளத்துக்காகக் கப்பல் கப்பலாக மெட்ராஸுக்கு வந்து இறங்கியவை ‘வேலர்’ குதிரைகள். துறைமுகம் வராத காலத்தில் கப்பல் கரையை நெருங்க முடியாது. குதிரைகளைக் கடலில் இறக்கி, அலையில் நீந்தவிட்டுத்தான் கரை சேர்த்தார்கள். பட்டாளத்தில் அப்புறம் சாமான்களைத் தினம் துடைத்து வைக்க ஆள் இருந்தது. இன்றைக்கு ஒற்றை ஆள்தான் குதிரைக்குத் தீனியும் பார்த்து, ஊர்வலத்துக்கும் ஓட்டிப்போகிறார்.

கடிவாள வாருக்கு வருவோம். இங்கே அதிகம் புழங்குவது நைலான் கயிறு. விலை மலிவு, மழையில் நனைந்தாலும் இற்றுப்போகாது. ஆனால் குதிரை வெடுக்கென்று தலையை இழுத்தால் உள்ளங்கையைச் சுட்டுவிடும், வியர்த்த கையில் வழுக்கும். முக்கால் அங்குல அகலத்தில் பருத்திப் பட்டை வார், நடுநடுவே தோல் தடுப்பு வைத்தது, நம்மூர் வியர்வைக்குக் கச்சிதம். ரப்பர் சுற்றிய தோல் வாரும் நல்லதே. குழந்தை ஓட்டுவதானால் அகலம் அரை அங்குலத்துக்குப் பக்கமாக இருக்கட்டும், சின்னக் கைக்குள் அடங்க வேண்டும். நீளத்தையும் பாருங்கள். பெரிய குதிரைக்குப் பக்கத்துக்கு ஐந்தடி என்றால், அதே வாரைச் சின்னக் குதிரைக்கு மாட்டும்போது மிச்சம் வளையமாகத் தொங்கிக் குழந்தையின் காலில் மாட்டும். கடிவாள வாரால் குதிரையைக் கம்பத்தில் கட்டவே கூடாது. மிரண்டு பின்வாங்கினால் வாய் கிழியும். கட்டுவதற்குத் தனிக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் போகிற இரும்பில் துருவும் சொரசொரப்பும் இருந்தால் அது சட்டப் பிரச்னையும்கூட. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு விதிகள் முள் வைத்த கடிவாளத்தையும், காயமோ வீக்கமோ உண்டாக்கும் எந்தச் சேணச் சாமானையும் தடுக்கின்றன. சேணத்தின் வளைவு குதிரையின் தோள்மேட்டில் நேராக உட்காரக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. 37 டிகிரிக்கு மேல் காயும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிதான். முகூர்த்தம் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

வெல்வெட்டுக்கும் ஜரிகைக்கும் செலவழிக்கிற பணத்தில் ஒரு பங்கு போதும், கீழே இருக்கிற வாரை மாற்றிவிடலாம். பக்கிளைக் காசிமேட்டுப் படகுச் சாமான் கடையில் 316 என்று சொல்லிக் கேளுங்கள். தைப்பதற்குப் பெரியமேடு போங்கள், தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். பழைய வாரை மாதிரிக்குக் கையோடு எடுத்துக்கொண்டு, எத்தனை அங்குலம் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வெறுங்கையோடு போய் “வார் தைக்கணும் பாய்” என்றால், “எந்த நாய்க்கு சார், லேப்ரடாரா?” என்றுதான் கேட்பார்கள்.