இருபத்தெட்டு நாள்

பேறுகாலம் – 11

கரு தங்கிய 28ஆம் நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அஸ்திவாரம் போட்டு முடிந்துவிடுகிறது. அன்றைக்குத் தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கருவின் நீளம் நாலைந்து மில்லிமீட்டர்.

இதே காலத்தில் வெம்பாக்கம் வட்டாரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் என்ன நடக்கும்? திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கு ஓரம். பட்டுக்கு ஒரு பக்கம் ஆரணியையும் மறுபக்கம் காஞ்சிபுரத்தையும் பார்த்திருக்கும் ஊர்கள். கல்யாணமாகி வந்த பெண் சில நாளிலேயே தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாதம் விலக்கு தள்ளினால் உடம்புச் சூடு என்பார்கள். இரண்டாவது மாதமும் தள்ளினால்தான் மாமியார் பக்கத்தில் வந்து, “முழுகாம இருக்கியாம்மா?” என்று கேட்பார். அதன்பிறகு நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்புவது, சிறுநீர்ப் பரிசோதனை, பதிவு, ஆர்.சி.எச். எண். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். எட்டாவது வாரத்திலேயே வந்துவிட்டால், “பரவாயில்லையே, சீக்கிரம் வந்துட்டியே” என்று நர்ஸம்மா பாராட்டுவார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குழந்தையின் நரம்புக்குழாய் மூடி அதற்குள் இரண்டு வாரம் கடந்திருக்கும்.

மூடுவது என்றால் என்ன? முதலில் அது குழாய் இல்லை, தட்டையான ஒரு படலம். அதன் இரண்டு ஓரங்களும் மேலெழுந்து, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. பட்டுச் சேலையில் கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமுமாகக் கோர்வை போடும்போது இரண்டையும் ஊடைக்கு ஊடை கோத்துக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் கோப்பு விட்டால் கரையும் உடலும் அங்கே பிரிந்து நிற்கும். நரம்புக்குழாய்க்கு நேர்வதும் அதுதான். தலைப்பக்கம் ஏறக்குறைய 25ஆம் நாளிலும், இடுப்புப்பக்கம் 27, 28ஆம் நாளிலும் மூட வேண்டும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாவதில்லை. ‘அனென்செஃபாலி’ எனப்படும் இந்த நிலையில் குழந்தை பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாளோதான். முதுகுப்பக்கம் மூடாவிட்டால் ‘ஸ்பைனா பிஃபிடா’, முதுகுத்தண்டுப் பிளவு. இது வேறு கதை. இந்தக் குழந்தைகள் வாழ்கிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அதற்கு அறுவை சிகிச்சையும் பல ஆண்டுப் பராமரிப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் ‘மூளைக்கோளாறு’ என்று சொல்லித் தாயைக் கலங்கடிப்பது பெரிய தவறு.

இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு நாலைந்து குழந்தைகளுக்கு இந்த நரம்புக்குழாய்க் குறைபாடு இருப்பதாகப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் மாவட்டத்தில் வீடுவீடாக எடுத்த கணக்கு 2005இல் வெளியானது. அங்கே ஆயிரத்துக்கு ஆறுக்கும் மேல். இந்தியா முழுமைக்கும் இப்படிப் பிறவிக் குறைபாடுகளைப் பதிந்து வைக்கும் முயற்சி 2001இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. கருவில் இருக்கும் குழந்தைக்கான மருத்துவத்தை இங்கே வளர்த்தவர்களில் ஒருவரான மெடிஸ்கேன் டாக்டர் எஸ். சுரேஷும் அவர் சகாக்களும் அதை நடத்தினார்கள்.

ஊரில் ஓடும் கணக்கு வேறு. குழந்தை இப்படிப் பிறந்தால் முதல் கேள்வி, “கிரகணத்தப்ப வெளியே போனியா?” என்பது. அடுத்தது, அன்றைக்கு அரிவாள்மணையைத் தொட்டாளா என்பது. இரண்டும் பெண்ணின் தலையில்தான் விழும். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தொடர்பு இருப்பது ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவதோடு. பி12 குறைவு, கருத்தரிக்கும் முன்பே கட்டுப்படாமல் இருந்த சர்க்கரை, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை, குடும்பத்தில் முன்பு இப்படி நேர்ந்திருப்பது ஆகியவையும் சேரும். நெருங்கிய சொந்தத்தில் செய்யும் கல்யாணத்தையும் சில தென்னிந்திய ஆய்வுகள் இந்தப் பட்டியலில் வைக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது அந்தப் பெண் வேண்டுமென்று செய்தாளா?

ஃபோலேட்டின் கதைக்கும் தறிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடுவது அவர் வேலை. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வு செய்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றியதை அதே ஆண்டில் எழுதினார். அதிலிருந்த பொருள் என்ன என்று தெரியாததால் கொஞ்ச காலம் அது ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கியது. 1941இல் கீரையிலிருந்து அதைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் இரத்தமும் திருவல்லிக்கேணியும் இருக்கின்றன. நம் பள்ளிப் பாடத்தில் இது இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இரத்தசோகைக்கான அந்த மருந்து முதுகெலும்பையும் காக்கும் என்ற ஐயம் 1965இல் இங்கிலாந்தில் ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும் எழுதிய கட்டுரையில் வந்தது. உறுதியானது 1991இல். ஏழு நாடுகளில் 33 மருத்துவமனைகளில், முன்பு ஒரு கர்ப்பத்தில் குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்த பெண்களிடம் நடந்த ஆய்வு அது. முடிவு தெரிந்த 1,195 பேரில் 27 பேருக்கு மறுபடி அதே குறைபாடு வந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களில் ஆறு பேர். சாப்பிடாதவர்களில் 21 பேர். நூற்றுக்கு 72 பங்கு தடுக்கலாம் என்று தெரிந்தபின் ஆய்வை மேலும் நீட்டுவது நியாயமில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். முதல் குழந்தைக்கும் இது பலன் தரும் என்பதை அடுத்த ஆண்டே ஹங்கேரியில் காட்டினார்கள்.

ஆக, மாத்திரை இருக்கிறது, விலை அற்பம், பலன் நிச்சயம். நம்மிடம் தவறுவது தேதி.

சாதாரணமாக ஒரு பெண்ணுக்குத் தேவை தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் முன்பே தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும்வரை. மத்திய அரசின் இரத்தசோகை ஒழிப்பு வழிகாட்டலிலும் இப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் மாத்திரை கைக்கு வருவது பதிவுக்குப் பிறகு. கர்ப்பமாகாத பெண்களுக்கு வாரம் ஒன்று என்று தரும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாரம் ஒரு மாத்திரை என்றால் அதில் 2,800 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாத்திரை தேவையில்லை என்பதற்கு ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியைச் சிலர் காரணம் காட்டுவார்கள். ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் சேர்க்கிறார்கள். நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 30 முதல் 50. அந்தச் சத்து இருக்கும் மணிகளையும் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்த வீடுகள் பல. கீரையும் பயறும் நல்லவை, தினமும் சாப்பிடட்டும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஃபோலேட் அழியும், கீரையை மட்டும் நம்பி 400ஐ எட்டுவது கடினம்.

என்னைக் கேட்டால், முகூர்த்தப் புடவைக்குச் சொல்லும் அன்றைக்கே மாத்திரையையும் தொடங்கிவிட வேண்டும். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது இருக்கும். உடம்பில் ஃபோலேட் தேவையான அளவுக்கு ஏற அந்த மாதம் உதவும். நம் ஊரில் கல்யாணத்துக்கும் முதல் கர்ப்பத்துக்கும் நடுவே பெரும்பாலும் இடைவெளி விடுவதில்லை. பிறகு எதற்காக நர்ஸம்மா வரும்வரை காத்திருப்பது? கல்யாணப் பெண்ணுக்கு மாத்திரை கொடுப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

தடுக்க முடியாமல் போனால் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயும் வாரம் முக்கியம். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் அனென்செஃபாலி பெரும்பாலும் தெரிந்துவிடும். 15 முதல் 20 வாரத்துக்குள் தாயின் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் அளவைப் பார்க்கலாம். குழந்தையின் கல்லீரலில் உற்பத்தியாகும் இந்தப் புரதம், மூடாத இடத்தின் வழியாகக் கசிந்து பனிக்குட நீரிலும் தாயின் இரத்தத்திலும் கூடுகிறது. பனிக்குட நீரில் அது கூடுவதை எடின்பரோவில் டேவிட் பிராக் 1972இல் கண்டார். அளவு கூடினாலே குறைபாடு என்று ஆகிவிடாது. தேதி தப்பாகச் சொல்லியிருந்தாலும் இரட்டைக் குழந்தை என்றாலும் கூடும். அதனால் ஸ்கேன் பார்த்தே முடிவு செய்வார்கள். 18 முதல் 20 வாரத்தில் செய்வது அனாமலி ஸ்கேன், நம் வீடுகளில் சொல்லும் அஞ்சு மாச ஸ்கேன்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் ‘டபுள் மார்க்கர்’ எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்தால் முதுகுத்தண்டும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கான சோதனை. நரம்புக்குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆயிரக்கணக்கில் செலவாகும் என்.ஐ.பி.டி. சோதனையும் அப்படியே. அதை நம்பி அஞ்சு மாச ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த ஸ்கேனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதுகில் இருக்கும் பிளவு சில மில்லிமீட்டர்தான்; குழந்தை மல்லாந்து படுத்திருந்தால் கண்ணில் படாமல் போகும். அதனால் தேர்ந்த மருத்துவர் முதலில் தலையைப் பார்ப்பார். கீழே பிளவு இருந்தால் சிறுமூளை கீழ்நோக்கி இழுபட்டு வளைந்துவிடும். நெற்றி எலும்பு இரு பக்கமும் உள்வாங்கும். லண்டனில் நிக்கோலைடஸ் குழுவினர் 1986இல் இவற்றுக்கு வாழைப்பழ அடையாளம், எலுமிச்சை அடையாளம் என்று பெயரிட்டார்கள். ஸ்கேன் அறிக்கையில் தலை, சிறுமூளை, முதுகுத்தண்டு மூன்றைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். “ஆணா பொண்ணான்னுதான் சொல்ல மாட்டாங்களே, அப்புறம் எதுக்கு ஸ்கேன்?” என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. பாலினம் சொல்வது 1994இன் சட்டப்படி குற்றம். இந்த ஸ்கேன் அதற்கானதே இல்லை.

குறை தெரிந்துவிட்டால்? என்ன குறை, எந்த இடத்தில், குழந்தை நடக்குமா, சிறுநீர் கட்டுப்படுமா, தலையில் நீர் சேருமா என்பதையெல்லாம் கருவியல் மருத்துவரும் நரம்பு அறுவை மருத்துவரும் சேர்ந்து அந்தப் பெண்ணிடமே சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும் மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போவது போதாது. வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பின், கடுமையான குறை என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்கலாம். விண்ணப்பித்த மூன்று நாளில் குழு பதில் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு முன் 20 வாரம் தாண்டியவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் அனென்செஃபாலி கண்ட 24 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம்தான் அனுமதி கொடுத்தது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் அதுவும் அவள் உரிமை. அப்போது, பிறந்த ஓரிரு நாளில் முதுகை மூடும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்க முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தைகள் நலத்துக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 30 குறைபாடுகளுக்குச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே நரம்புக்குழாய்க் குறைபாடு.

இதையெல்லாம் விட எனக்கு அதிகக் கோபம் வருவது கடைசிக் கட்டத்தில். அப்படிக் குழந்தையை இழந்த பெண்ணை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை. அடுத்த கர்ப்பத்துக்கு அவளுக்கு 400 மைக்ரோகிராம் போதாது. அதைப்போல் பத்து மடங்கு வேண்டும், நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. மருத்துவர் சொல்லும் அளவில், மறுபடி கருத்தரிக்க முயலும் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவளாக இருந்தால் அதைத் தானாக நிறுத்திவிடாமல், மாற்ற முடியுமா என்று முதலில் நரம்பியல் மருத்துவரைக் கேட்க வேண்டும். 72 பங்கு தடுக்கலாம் என்று 1991இலேயே தெரிந்தது இவளைப் போன்ற பெண்களைப் பார்த்துத்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த மாத்திரையின் பெயரையும் அளவையும், எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுதாமல் கொடுத்தால், வாங்குகிறவர்கள் கேட்டு எழுதி வாங்குங்கள்.

(தொடரும்)