ஓயாத உள்வரி

மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் கருப்பையின் உள்வரி மெலிந்து, பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அது செத்துப்போவதில்லை, தூண்டுவதற்குப் போதிய ஈஸ்ட்ரோஜன் இல்லை, அவ்வளவுதான். 60 வயதில் அந்த ஹார்மோனைக் கொடுத்துப் பாருங்கள், அதே செல்கள் 20 வயதில் செய்த வேலையை மறுபடி தொடங்கிவிடும்.

திடீரென உடம்பு தகிப்பது, இரவில் வியர்வையில் நனைந்து எழுவது போன்ற மாதவிடாய் நிற்கும் கால அவதிகளுக்கு அமெரிக்காவில் 1942-இலேயே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வந்துவிட்டது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த 'பிரெமரின்' அது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் இருந்தால் இளமை நீங்காது என்று ஒரு புத்தகமே எழுதினார். லட்சக்கணக்கான பெண்கள் நம்பினார்கள். 1975 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கருப்பை உள்வரிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஓர் ஆய்வில் 4.5 மடங்கு, மற்றதில் 7.6 மடங்கு. ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களுக்கோ ஏறத்தாழ 14 மடங்கு!

மருந்து நஞ்சில்லை, தனியாகக் கொடுத்ததுதான் கோளாறு. ஈஸ்ட்ரோஜன் பயிரை வளர்க்கும், கதிரை முற்றவைப்பது புரோஜெஸ்டிரோன். விந்தை என்னவென்றால், புரோஜெஸ்டிரோனை இனங்காணும் ஏற்பிகளை உள்வரிச் செல்களில் உண்டாக்குவதே ஈஸ்ட்ரோஜன்தான். தன்னை அடக்க வருபவருக்குத் தானே கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே வரும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் வலுவான வடிவமான எஸ்ட்ராடியோலை வலுக்குன்றிய எஸ்ட்ரோனாக மாற்றும் நொதியையும் முடுக்கிவிடுகிறது. செல்கள் பெருகுவதை நிறுத்தி முதிர்கின்றன.

அந்த விருந்தாளி வராமலே போனால் என்ன ஆகும் என்பதை 1990-களில் அமெரிக்காவில் நடந்த 'பெப்பி' ஆய்வு காட்டியது. தினம் 0.625 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் மூன்றாண்டுகள் எடுத்த பெண்களில் 100-க்கு 62 பேருக்கு உள்வரியில் மிகைவளர்ச்சி. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 100-க்கு 2 பேருக்கே அப்படி. மிகைவளர்ச்சி எல்லாமே புற்றுநோயாவதில்லை. செல்கள் உருமாறிய வகைதான் கவலைக்குரியது. அளவும் காலமும் கூடக்கூட ஆபத்து கூடும். அளவைப் பாதியாக்கினால் குறையும், இல்லாமல் போகாது.

எனவே கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். கருப்பை நீக்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஈஸ்ட்ரோஜன் அளவை உயர்த்தும்போது புரோஜெஸ்டிரோனையும் உயர்த்த வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் நிபுணர்களின் வழிகாட்டுதல்படி, புரோஜெஸ்டிரோனைத் தினமும் எடுப்பவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம்; ஈஸ்ட்ரோஜன் உயர் அளவில் இருந்தால் 200. பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விதிவிலக்கு. அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது சொற்பம் என்பதால் துணை மருந்து தேவைப்படுவதில்லை. இன்னொரு வழியும் உண்டு: கருத்தடைக்காக வந்த, புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மருந்து கொண்ட சாதனத்தைக் கருப்பைக்குள்ளேயே பொருத்திவிடுவது. தோலில் ஒட்டிய பட்டை உடம்பு முழுவதற்கும் ஈஸ்ட்ரோஜன் அனுப்பிக்கொண்டிருக்க, இந்தச் சாதனம் தினமும் சில மைக்ரோகிராம் மருந்தைக் கசியவிட்டு உள்வரியை மெல்லியதாகவே வைத்திருக்கும்.