மாவு மில்லுக்காரர் மகன் போட்ட வேஷம்

அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் கிடைக்கும். ஏரியையும் கடலையும் பார்க்கப் போகிறவர்கள், அங்குள்ள டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். 1613-ல் அவர்கள் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். நம் பக்கத்து நெசவாளர்கள் நெய்த துணி அங்கிருந்துதான் கப்பலேறிற்று.

இப்படிக் கடல் வாணிபத்தில் கொழித்த ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், 1640-ல், அதாவது சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கிய சமயத்தில், ஓர் ஓவியர் தம்மைத் தாமே வரைந்து கொண்டார். பெயர் ரெம்பிராண்ட். வயது 34. லெய்டன் ஊரில் மாவு மில் வைத்திருந்தவரின் மகன்.

படத்தில் அவருடைய உடுப்பைப் பாருங்கள்! தட்டையான தொப்பி, ரோமம் வைத்துத் தைத்த மேலங்கி, கைப்பிடிச் சுவரில் ஒய்யாரமாகச் சாய்த்த முழங்கை. அன்றைய ஆம்ஸ்டர்டாம் கனவான்கள் யாரும் அப்படி உடுத்தவில்லை. அது சுமார் நூறு வருஷத்துக்கு முந்திய நாகரிகம்! நம் வீட்டு மாப்பிள்ளை, கொள்ளுத் தாத்தாவின் சரிகைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்த மாதிரிதான்.

எதற்கு இந்த வேஷம்?

முந்திய வருஷம் அதே ஊரில் ஓர் ஏலம் நடந்தது. இத்தாலிய மேதை ராபேல் வரைந்த காஸ்டிக்லியோனே என்ற பிரபுவின் படம் 3,500 கில்டருக்குப் போயிற்று. ரெம்பிராண்ட் அதைப் பேனாவால் அவசரமாகப் பிரதி எடுத்து, ஓரத்தில் விலையையும் குறித்து வைத்தார். அதை வாங்கிய லோபெஸ் என்பவரிடம் டிஷியன் வரைந்த இன்னொரு படமும் இருந்தது. அதிலும் சுவரில் சாய்ந்த ஒரு கை!

ராபேலும் டிஷியனும் ஒற்றைப் பெயரால் உலகறிந்தவர்கள். நம்மவரும் தகப்பனார் பெயரையும் குடும்பப் பெயரையும் விட்டுவிட்டு, 'ரெம்பிராண்ட்' என்று மட்டுமே கையெழுத்திட்டு வந்தார். இனிஷியல்கூடக் கிடையாது! அந்த வரிசையில் தமக்கும் ஓர் ஆசனம் வேண்டுமென்று, அவர்கள் காலத்து உடையிலேயே வந்து நிற்கிறார். எனக்கென்னவோ இது வெறும் ஜம்பமாகத் தோன்றவில்லை.

ஏனென்றால் அந்த உடுப்புக்குள் இருந்த மனிதருக்கு 1640 நல்ல வருஷமல்ல. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அந்த ஆண்டு பிறந்த பெண் குழந்தையும் சில வாரங்களில் கண்ணை மூடியது. அடுத்து தாயாரும் காலமானார். மனைவி சாஸ்கியா மறு வருஷம் டைட்டஸ் என்ற பிள்ளையைப் பெற்று, அவனுக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1642-ல் போய்விட்டாள். போதாக்குறைக்கு, 1639-ல் தவணைக் கடனில் வாங்கிய வீடு வேறு. விலை 13,000 கில்டர்! கடன் அடையவேயில்லை. 1656-ல் இன்ஸால்வென்ட் ஆனார். வீட்டுச் சாமான்களை ஒன்றுவிடாமல் ஜாபிதா எழுதினார்கள். 1658-ல் வீடும் ஏலத்தில் போயிற்று.

ஆனால் தம் முகத்தை வரைவதை மட்டும் அவர் விடவில்லை. 1665 வாக்கில் வரைந்த ஒரு படம் லண்டனில் கென்வுட் மாளிகையில் இருக்கிறது. அதில் பிரபு உடுப்பு இல்லை. தலையில் வேலை செய்யும்போது அணியும் வெள்ளைக் குல்லாய். கையில் வர்ணப் பலகையும் தூரிகைகளும்.

பழைய வேஷப் படமோ 1861 முதல் லண்டன் நேஷனல் காலரியில். முழங்கை சாய்த்த அந்த டிஷியன் படமும் இன்று அதே காலரியில்தான் இருக்கிறது.