அங்கத்தினர் வாழ்க்கையும் எழுத்துக் கூட்டமும்

கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்தைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், அந்நகரின் டோட் லேன் என்னும் தெருவில், தொழிலாளர் 28 பேர் சேர்ந்து அமைத்த சங்கம் ஒரு சிறு கடையைத் திறந்தது. அவர்களுள் நெசவாளரும் பலர். கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே அன்று கடையில் இருந்தன. இவ்வளவு விவரமும் நமக்கு எவ்வாறு தெரிய வந்தது? ஹோலியோக் என்பவர் அம்முன்னோடிகளின் வரலாற்றை 1858-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்த பலர் தத்தம் ஊர்களில் சங்கம் தொடங்க முனைந்தனர். ஒரு கடையின் கதை வேறு பல கடைகளுக்கு வித்தாயிற்று.

நம் சங்கங்களிலும் எழுத்துக்குக் குறைவில்லை. நாள்வழி, பேரேடு, இருப்புப் புத்தகம், நடவடிக்கைப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு நூல் வழங்கப்பட்டது, எவ்வளவு கூலி பட்டுவாடா ஆயிற்று என்பதை அவற்றில் காணலாம். ஆனால், நூல் கிடைக்காத மாதத்தில் அக்குடும்பத்தின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை எந்தப் பேரேடும் கூறுவதில்லை. வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் மறைந்தால், பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "காலமானார்" என்று எழுதுகிறோம்; பங்குத் தொகையை வாரிசுதாரரிடம் ஒப்படைக்கிறோம். அத்துடன் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. குழித்தறியில் ஐம்பது ஆண்டுகள் அமர்ந்து அவர் அறிந்தவை யாவும் எழுதப்படாமலே போய்விடுகின்றன.

இக்குறையைப் போக்க வல்லது எழுத்துக் கூட்டம். ஓர் ஊரிலோ ஒரு தொழிலிலோ உள்ளவர்கள் வாரம் ஒரு முறை கூடி, தத்தம் வாழ்க்கையைத் தம் சொற்களிலேயே எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதே அது. புலமை அதற்கு வேண்டியதில்லை. இது கூட்டுறவுக்குப் புதியதும் அன்று.

இங்கிலாந்தில் கூட்டுறவுச் சங்கங்களைச் சார்ந்த பெண்கள் 1883-இல் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினார்கள். மகளிர் கூட்டுறவுக் கழகம் என்று அதைக் கூறலாம். 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளராக விளங்கியவர் மார்கரெட் லூயலின் டேவிஸ் அம்மையார். பேறு காலத்தில் தாங்கள் பட்ட துன்பத்தை எழுதியனுப்புமாறு கழகப் பெண்களை அவர் கேட்டுக்கொண்டார். வந்தவற்றுள் 160 கடிதங்கள் 1915-இல் நூலாக வெளிவந்தன. எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. கணவரின் வாரக் கூலி எவ்வளவு, பிறந்த குழந்தைகள் எத்தனை, இறந்தவை எத்தனை என்ற விவரங்களே கடிதங்களுடன் காணப்பட்டன. பேறுகாலப் பணம் கணவன் கைக்குப் போகாமல் தாய்க்கே உரியதாக வேண்டும் என்று போராடி, 1913-இல் சட்டத் திருத்தம் பெற்ற கழகமும் இதுவே. தாய்மார், குழந்தைகள் நலத்துக்கென 1918-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்காக நடந்த கிளர்ச்சியில் இக்கடிதங்கள் வலுவான சான்றுகளாக நின்றன. புள்ளிவிவரம் மட்டும் சொல்லாததை அவை சொல்லின.

இதே கழகப் பெண்களின் வாழ்க்கை நினைவுகள் 1931-இல் மற்றொரு நூலாயின. அதில் ஓர் அம்மையார் தம் இளமையை எழுதியிருக்கிறார். எட்டு வயது நிறைந்த நாளிலேயே பள்ளியை விட்டு, நாற்பது ஐம்பது குழந்தைகளுடன் வயலில் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வேலை செய்ததாக அவர் கூறுகிறார். அவ்வயதிலும் அக்கூட்டத்தில் மூத்தவர் அவரேயாம்! ஒரு நாட்டின் விவசாய வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இந்த ஒரு பக்கம் எத்துணை பயன்படுகிறது!

பிரைட்டன் நகரில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. அங்கு ஒரு பூங்காவிலிருந்த பழைய கட்டடத்தைச் சூதாட்ட விடுதியாக்கும் திட்டத்தை 1972-இல் அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். குழந்தைகளுக்கான பள்ளி வேண்டும் என்றார்கள். அம்முயற்சிக்கென ஒரு செய்தித்தாள் தோன்றியது. அதிலிருந்து குவீன்ஸ்பார்க் என்னும் வெளியீட்டுக் குழு பிறந்தது. ஆல்பர்ட் பால் என்னும் தச்சர் தம் இளமை நினைவுகளை எழுதியிருந்தார்; அதுவே 1974-இல் அக்குழுவின் முதல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு, வீட்டு வேலை செய்து வாழ்ந்த டெய்சி நோக்ஸ் அம்மையாரின் நூல் வந்தது. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை அக்குழு வெளியிட்டிருக்கிறது.

இனி, நம் சங்கங்களில் இதனை நடத்தும் முறையைக் கூறுவோம்.

கூட்டத்துக்கு எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை போதும். அதற்கு மேற்பட்டால் அனைவரும் படிக்க நேரம் கிட்டாது. பாவு தோயும் நாளும் நடவு நாளும் தவிர்த்து, சங்கக் கட்டடத்தில் மாலையில் ஒன்றரை மணி நேரம் கூடலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளியில் படிக்கும் பேரனோ பேத்தியோ எழுதலாம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, "நான் சொன்னது இதுவே" என்று அவர் ஒப்பிய பின்னரே அது முடிந்ததாகும்.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எவரும் திகைப்பர். கேள்வி குறிப்பாக இருத்தல் வேண்டும். முதல் தறி யாருடையது? ஒரு பாவு அறுக்க எத்தனை நாள் ஆயிற்று? வீட்டில் தார் சுற்றியவர் யார்? அவருக்குக் கூலி உண்டா? கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் நாளைக்கு எவ்வளவு நிலம் பாய்ந்தது? முதல் கடனை எதற்காக வாங்கினீர்கள்? இத்தகைய கேள்விகளுக்கு விடை தானாக வரும். தார் சுற்றுதலும் கஞ்சி காய்ச்சுதலும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. அங்கத்தினர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இராமற்போகலாம். ஆதலின், பெண்களைக் கூட்டத்துக்கு அழைப்பது இன்றியமையாதது.

மூன்று விஷயங்களில் எச்சரிக்கை தேவை. ஒருவருடைய பேச்சு நடையைத் திருத்தி இலக்கண நடையாக்கக் கூடாது. நெசவாளர் சொல்லும் சொல்லே தொழிலின் சொல். இரண்டாவது, கடன், பிணக்கு, நோய் முதலியவற்றில் பிறர் பெயர் வருமிடத்தில் பெயரை நீக்கிவிட வேண்டும். தம் பெயரை வெளியிடுவதா என்பதை எழுதியவரே முடிவு செய்யட்டும். மூன்றாவது, சங்கத்தைப் புகழ்ந்தவை மட்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது. கூலி தாமதமானதையும் பங்காதாயம் கிடைக்காத ஆண்டையும் அங்கத்தினர் எழுதினால், நிர்வாகக் குழு அதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தணிக்கை அறிக்கையில் காணாத உண்மை அங்கே காணக் கிடைக்கும். குறை கூறும் அங்கத்தினர் சங்கத்தை விட்டுப் போகாதவர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இதற்கு ஆகும் செலவு சில நோட்டுப் புத்தகங்களே. எழுதி முடிந்தவற்றின் ஒரு படியைச் சங்கப் பீரோவிலும், மற்றொன்றை ஊர் நூலகத்திலும் வைக்கலாம். புதிதாகச் சேரும் இளைஞர் பங்குத் தொகை செலுத்தும் நாளில், துணை விதிகளோடு அதனையும் படிக்கட்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும் ஓர் இனமாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சங்கத்தின் மூத்த அங்கத்தினர் மூவரின் பெயரை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். முதற்கூட்டம் அவர்களுக்காக நடக்கட்டும்.