வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறைவு: ஆஸ்துமாவை அதிகப்படுத்துமா?

வெம்பக்கோட்டை:

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் வெயிலுக்கு பஞ்சமே இல்லை. வெயிலால்தான் வைட்டமின் டி கிடைக்கிறது என்கிறார்கள். அப்படி இருந்தும் இங்குள்ளவர்களுக்கு அது குறையுமா? குறைந்தால் இழுப்பு அதிகமாகுமா?

குறையும் என்பதுதான் உண்மை. வெயில் அடித்தால் மட்டும் போதாது. அது தோலில் நேரடியாக பட வேண்டும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை அடிக்கும் வெயிலில்தான் உடம்பு வைட்டமின் டியை நன்றாக தயாரிக்கும். அந்த நேரத்தில் பட்டாசு ஆபீஸ் தொழிலாளர்களில் பலர் அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். விடியக்காலையில் வேன் ஏறி, சாயங்காலம்தான் வீடு திரும்புகிறார்கள். உடம்பு முழுக்க துணி மூடியிருக்கும். கருத்த தோலுக்கு கூடுதல் நேரம் வெயில் தேவை.

ஆஸ்துமாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வைட்டமின் டி எலும்புக்கு மட்டும் அல்ல, நோய் எதிர்ப்பு சக்திக்கும் உதவுகிறது. சளி, காய்ச்சல் வந்தால்தான் பலருக்கு இழுப்பு முற்றுகிறது. ரத்தத்தில் இந்த சத்து குறைந்தவர்களுக்கு ஆஸ்துமா கடுமையாக இருப்பதாக பல ஆய்வுகள் காட்டின.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இழுப்பு அதிகம் உள்ளவர் வெளியே போகாமல் வீட்டிலேயே முடங்கி விடுவார். அதனாலும் வைட்டமின் டி குறையும். எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

மாத்திரை கொடுத்து பார்த்தார்கள்

அமெரிக்காவில் 408 பெரியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. வழக்கமான இன்ஹேலருடன் வைட்டமின் டி கொடுத்தும் பெரிய பலன் இல்லை. 2016-ல் லண்டனை தலைமையிடமாக கொண்ட காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை சேர்த்து பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை 100 பேரில் 6 பேர் என்பது 3 பேராக குறைந்ததாக கூறியது. ஆனால் அதே அமைப்பு 2023-ல் 20 ஆய்வுகளை அலசி, ஆஸ்துமா தாக்குதல் குறைவதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்து விட்டது.

அதாவது வைட்டமின் டி ஆஸ்துமாவுக்கு மருந்து அல்ல. மாத்திரை போடுகிறோமே என்று இன்ஹேலரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. "பம்ப் அடிச்சா பழகிரும்" என்று பயப்படுவதும் தவறு. அதில் மருந்து நேராக நுரையீரலுக்கு போவதால் குறைந்த அளவே போதும்.

யாருக்கு கவனம் தேவை?

இழுப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு தேயும். இவர்கள் டாக்டரிடம் கேட்டு வைட்டமின் டி பரிசோதனை செய்து கொள்வது நல்லது. 60 ஆயிரம் யூனிட் மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கி தினமும் விழுங்கக் கூடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டு விடும். மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் இந்த சத்து ஓரளவு உள்ளது.

லீவு நாளில் மூச்சு லேசாக இருந்து, வேலைக்கு போனதும் இழுக்கிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது வைட்டமினை அல்ல, வேலை இடத்து தூசியையும் புகையையும்தான். கந்தகம் எரியும் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. முகத்தில் கட்டும் துண்டு நுண்ணிய மருந்து தூசியை தடுக்காது. என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப் போட்டால், பிறகு பல நாள் கூலி போய் விடும்.